சூப்பர்மேன் கதைக்குள்ள பக்ஸ் பன்னி வந்தா? க்ராஸ்ஓவர் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு க்ராஸ்ஓவர் பைத்தியம்ங்க. சின்ன வயசுல நோட்டோட கடைசி பக்கத்துல பேட்மேனையும் டாம் பூனையையும் ஒரே கட்டத்துக்குள்ள வரைஞ்சு வெச்சேன், அன்னைக்கு பிடிச்சது இன்னும் விடல. இது தெரிஞ்சவங்க எல்லாம் திரும்ப திரும்ப அதே கேள்விங்கள கேக்கறாங்க, அதான் மொத்தமா எழுதிட்டேன். பாதி நெஜமா நடந்த வரலாறு, மீதி என் கற்பனை. எது எதுன்னு படிக்கும்போதே தெரிஞ்சுடும்.

கே: க்ராஸ்ஓவர்னா என்ன? ரெண்டு ஹீரோ சேந்து வந்தாலே க்ராஸ்ஓவரா?

இல்ல. பேட்மேனும் ராபினும் சேந்து வந்தா அது க்ராஸ்ஓவர் இல்ல, அவங்க ஒரே கதைக்காரங்க. தனக்குன்னு ஒரு ஊரு, தனக்குன்னு ஒரு வில்லன், தனக்குன்னு ஒரு பேரு போட்ட புக்கு, இதெல்லாம் வெச்சிருக்கற ஒருத்தர் இன்னொருத்தர் கதைக்குள்ள காலடி எடுத்து வைக்கணும், அப்பதான் அது கணக்குல சேரும். டீம்களும் ஆரம்பத்துல இப்படித்தான். 1940 குளிர்காலத்துல வந்த ஆல் ஸ்டார் காமிக்ஸ் 3வது இதழ்ல ஜஸ்டிஸ் சொசைட்டி ஹீரோங்க முதல் தடவையா ஒரே மேஜையில உக்காந்தாங்க, சண்டை எல்லாம் சேந்து போடல, ஆளாளுக்கு அவங்க கதைய சொன்னாங்க, அவ்வளவுதான். அந்த ஒரு மேஜைக்கே அப்ப அவ்ளோ த்ரில். ஆனா டீம்னு ஆயி மாசாமாசம் சந்திக்க ஆரம்பிச்சதும் அது ஆபீஸ் மீட்டிங் மாதிரி ஆயிடுது, விருந்தாளி வந்த ஃபீல் போயிடுது.

கே: முதன்முதல்ல மோதிக்கிட்டது யாரு?

பெரிய அளவுல சொல்லணும்னா 1940ல ஹியூமன் டார்ச்சும் சப்-மரைனர் நேமரும். பின்னாடி மார்வெல்னு ஆன கம்பெனி, அப்ப பேரு டைம்லி. டார்ச்ச உருவாக்கினவர் கார்ல் பர்கோஸ், நேமர உருவாக்கினவர் பில் எவரெட். ஒருத்தன் நெருப்பு, ஒருத்தன் தண்ணி, ரெண்டு பேரும் ஒரே மார்வெல் மிஸ்டரி காமிக்ஸ்லதான் தனித்தனியா வந்துட்டு இருந்தாங்க, இத மோத விடலாமேன்னு தோணாம இருந்திருந்தாதான் அதிசயம். 8வது இதழ்ல ஆரம்பிச்ச சண்டை 10வது இதழ் வரைக்கும் போச்சு, கடைசில யாரும் ஜெயிக்கல, பெட்டி டீன்னு ஒரு பெண் போலீஸ் குறுக்க வந்து சமாதானம் பண்ணி வெச்சாங்க. இத்தன வருஷம் கழிச்சும் க்ராஸ்ஓவர் ஃபார்முலா இதேதான் பாருங்க. முதல்ல தப்பா புரிஞ்சுக்கிட்டு சண்டை, அப்புறம் சமாதானம்.

கே: கார்ட்டூன்ல சூப்பர் ஹீரோ விருந்தாளியா வந்தது எப்ப?

எனக்கு ரொம்ப பிடிச்சது 1972ல வந்த தி நியூ ஸ்கூபி-டூ மூவீஸ். பேரு மூவீஸ்னாலும் டிவி சீரீஸ்தான், வாரம் ஒரு விருந்தாளி. ரெண்டு எபிசோட்ல பேட்மேனும் ராபினும் வந்தாங்க, எதிர்ல ஜோக்கரும் பெங்குவினும். பாக்க விளையாட்டா இருந்தாலும் இதுக்குள்ள செம ஐடியா ஒண்ணு ஒளிஞ்சிருக்கு, அந்த காலத்துல யாரும் அத பெருசா பயன்படுத்திக்கல. ஸ்கூபிங்கற நாயும் நாலு இளசுங்களும் சேந்த கோஷ்டியோட வேலையே என்ன? பேய் வேஷம் போட்டவன் முகமூடிய கடைசில கழட்டறது. பேட்மேனோட பொழப்பே முகமூடி. இவங்க ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்தி விட்டா அந்த கோஷ்டியோட புத்திசாலி பொண்ணு வெல்மா சும்மா இருப்பாளா? அந்த பொண்ணு முதல் பத்து நிமிஷத்துல தாடைய பாத்தே முகமூடிக்குள்ள இருக்கறது கோடீஸ்வரர் ப்ரூஸ் வெய்ன்னு கண்டுபிடிச்சிருப்பா. ஆனா கழட்ட மாட்டா. ஏன்னு ஃப்ரெட் கேப்பான், "இது பேய் இல்ல, அதான்"னு சொல்லிட்டு கண்ணாடிய துடைச்சுக்குவா. எனக்கு அந்த ஒரு சீன் போதும், ஜோக்கர் எல்லாம் ஓரமா நிக்கட்டும்.

கே: யாரு ஜெயிப்பா? சூப்பர்மேனா ஹல்க்கா? பேட்மேனா கேப்டன் அமெரிக்காவா?

இந்த கேள்விய கேட்டு கேட்டு என் காது புளிச்சு போச்சு. சரி, அஃபிஷியல் பதிலே இருக்கு, வாங்கிக்கோங்க. 1996ல சூப்பர்மேன், பேட்மேன் புக்கு போடற டிசியும், ஹல்க், ஸ்பைடர்-மேன் புக்கு போடற மார்வெலும் சேந்து 4 இதழ் போட்டாங்க, 11 சண்டை, அதுல 5 சண்டையோட முடிவ வாசகர்கள் ஓட்டு போட்டு தீர்மானிச்சாங்க. சூப்பர்மேன் ஹல்க்க அடிச்சாரு, பேட்மேன் கேப்டன் அமெரிக்காவ ஜெயிச்சாரு, ஸ்பைடர்-மேன் சூப்பர்பாய, ஸ்டார்ம் வொண்டர் வுமன, வுல்வரின் லோபோவ. இந்த கடைசி சண்டை இருக்கே, ரெண்டு பேரும் ஒரு பாருக்குள்ள அடிச்சுக்கிட்டு கவுன்ட்டருக்கு பின்னாடி விழறாங்க, அப்புறம் வுல்வரின் மட்டும் எழுந்து வர்றாரு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு காட்டவே இல்ல! லோபோ எவ்ளோ பவர்னு தெரிஞ்சவங்களுக்கு இது ஏன்னு புரியும், ஓட்டு ஒரு பக்கம் விழுந்துடுச்சு, எப்படி ஜெயிச்சாருன்னு வரையத்தான் வழி இல்ல.

இந்த விஷயத்துல மார்வெல் எழுத்தாளர் ஸ்டான் லீ எப்பவுமே ஒரே மாதிரிதான் பதில் சொல்லிட்டு இருந்தாரு, எழுதறவன் யார ஜெயிக்க வைக்கணும்னு நினைக்கறானோ அவன் ஜெயிப்பான், முடிஞ்சுது. அதனால யாரு ஜெயிப்பாங்கறது ஒரு சாயங்காலம் அரட்டைக்கு ஓகே, கதைக்கு அது பத்தாது. நான் முதல்ல கேக்கற கேள்வி வேற. இந்த கதை யாரோட ரூல்ஸ்ல நடக்குது?

கே: ரூல்ஸா? அது என்ன?

இதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் பொறுமையா படிங்க.

கார்ட்டூன் உலகத்துல ரோட் ரன்னர்ங்கற பறவைய துரத்தற கொயோட்டி மலை விளிம்ப தாண்டி காத்துல நாலடி ஓடுவான், கீழ பாக்கற வரைக்கும் விழ மாட்டான், பாத்ததும்தான் விழுவான். தலையில பட்டறைக்கல் விழுந்தா ஒரு வீக்கம், சுத்தி ரெண்டு குருவி, அடுத்த சீன்ல ஆளு ஃப்ரெஷ்ஷா இருப்பான். நேத்து செத்தது இன்னைக்கு அவனுக்கு ஞாபகமே இருக்காது. காமிக்ஸ்ல இதுக்கு நேர் எதிர். ஸ்பைடர்-மேன் பீட்டர் பார்க்கரோட பெரியப்பா பென் 1962ல செத்தாரு, பீட்டர் இன்னும் அத நினைச்சு உருகிட்டு இருக்கான். பேட்மேனுக்கு அப்பா அம்மா செத்த அந்த ஒரு ராத்திரி இன்னும் விடியல. ஒரு அடி விழுந்தா அந்த தழும்பு அம்பது வருஷம் கழிச்சு வர்ற கதையிலயும் இருக்கும்.

இந்த ரெண்டு உலகத்தையும் ஒட்டும்போது ஒரு பட்டறைக்கல் கீழ விழுதுன்னு வைங்க, அது வீக்கமா சாவாங்கறத எழுதறவர்தான் முடிவு பண்ணணும். அத முடிவு பண்ணாம எழுதின க்ராஸ்ஓவர்தான் சப்புன்னு போகுது, நானே அப்படி நாலஞ்சு எழுதி கிழிச்சு போட்டிருக்கேன்.

இத ரொம்ப அழகா பண்ணினது சூப்பர் ஹீரோ படமே இல்ல, 1988ல வந்த ஹூ ஃப்ரேம்டு ராஜர் ராபிட். அதுல கார்ட்டூன் ஆளுங்க தலையில ஃப்ரிட்ஜ் விழுந்தா காமெடி. ஆனா டிடெக்டிவ் எடியோட தம்பி செத்தது எப்படி? ஒரு கார்ட்டூன் ஆளு மேலேர்ந்து பியானோவ போட்டான், அப்படித்தான். பியானோ விழறதுங்கற அதே பழைய ஜோக், மனுஷன் மேல விழுந்தா கொலை. ரெண்டு ரூல்ஸும் ஒரே தெருவுல பக்கத்து பக்கத்துல ஓடுது, அந்த இடைவெளியிலதான் மொத்த கதையும் நிக்குது.

இத நான் சூப்பர்மேனுக்கு போட்டு பாத்தேன். சூப்பர்மேனோட ஊரு மெட்ரோபொலிஸ்ல டாஃபி டக்ங்கற கார்ட்டூன் வாத்து நடந்து வருது, மேலேர்ந்து பட்டறைக்கல் விழுது. சூப்பர்மேன் பறந்து வந்து பிடிச்சுடறாரு. டாஃபிக்கு பயங்கர கோவம், "என் ஜோக்க கெடுத்துட்டியேய்யா"ன்னு கத்துது. அடுத்தது விழுது, மறுபடியும் பிடிக்கறாரு. பத்தாவது கல்லு விழும்போது அவருக்கே புரியுது, இந்த வாத்துக்கு ஒண்ணும் ஆகாது, நாம எதுக்கு ஓடணும்னு. பதினொண்ணாவது கல்லு விழுது. சூப்பர்மேன் கைய கட்டிக்கிட்டு நிக்கறாரு. கீழ நிக்கறது அவரோட காதலி லோயிஸ். இதுக்கப்புறம் அவரு அந்த கல்ல பிடிச்சாரா இல்லையாங்கறத விட, பிடிச்சப்புறம் அந்த வாத்து மூஞ்சிய எப்படி பாத்தாருங்கறதுதான் எனக்கு கதை.

கே: நெஜமாவே சூப்பர்மேனும் பக்ஸ் பன்னியும் சந்திச்சிருக்காங்களா?

ஆமா, 2000ல 4 இதழ் மினி சீரீஸ். ரெண்டு உலகத்தையும் இழுத்து ஒட்டினது மிக்ஸ்யெஸ்பிட்லிக்கும், பக்ஸ் பன்னி முயல் வர்ற லூனி டூன்ஸ் கார்ட்டூனோட டோடோ பறவையும். மிக்ஸ்யெஸ்பிட்லிக் 1944லேர்ந்து சூப்பர்மேன படுத்தற அஞ்சாவது பரிமாண குள்ளன், அவன் பேர அவனையே தலைகீழா சொல்ல வெச்சாதான் போவான். யோசிச்சு பாத்தா அவன் காமிக்ஸுக்குள்ள ஏற்கனவே குடியிருந்த ஒரு கார்ட்டூன் ஆளுதான, அதனால பாலமா போட அவன விட பொருத்தமான ஆளே இல்ல.

கே: ரெண்டு உலகத்த எப்படி சேக்கறது? ஏதாவது விஞ்ஞான விளக்கம் வேணுமா?

மூணு வழி எனக்கு தெரியும்.

ஒண்ணு, 1961ல மின்னல் வேகத்துல ஓடற ஹீரோ ஃபிளாஷோட 123வது இதழ் காட்டின வழி. கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதி கார்மைன் இன்ஃபன்டினோ வரைஞ்சது. பேரி ஆலன் சின்ன வயசுல ஜே கேரிக்ங்கற ஃபிளாஷோட காமிக்ஸ் படிச்சுதான் தனக்கே ஃபிளாஷ்னு பேரு வெச்சுக்கிட்டவரு. ஒரு நாள் வேகமா அதிர்ந்து வேற பூமிக்கு போயிடறாரு, பாத்தா அங்க அந்த ஜே கேரிக் நெஜமாவே குடும்பம் நடத்திட்டு இருக்காரு. ஒரு உலகத்துல நடக்கறது இன்னொரு உலகத்து எழுத்தாளருக்கு கனவுல வந்து கதையாகுதுன்னு ஒரு விளக்கம் குடுத்தாங்க. இது எவ்ளோ பெரிய கதவுன்னு யோசிங்க, பேரி படிச்ச காமிக்ஸ் ஆள பேரி சந்திக்கலாம்னா, பீட்டர் பார்க்கர் டிவியில பாத்த கார்ட்டூன் ஆள பீட்டர் ஏன் சந்திக்க கூடாது?

ரெண்டாவது மேல சொன்ன மிக்ஸ்யெஸ்பிட்லிக் வழி, அதாவது சொடக்கு போட்டா ஆச்சு.

மூணாவது, விளக்கமே குடுக்காம விடறது. 1976ல டிசியும் மார்வெலும் முதல் தடவையா அவங்க ஹீரோங்கள மோத விட்ட சூப்பர்மேன் ஸ்பைடர்-மேன் புக்குல இதான் பண்ணினாங்க, ஜெர்ரி கான்வே எழுதினாரு, ராஸ் ஆண்ட்ரு வரைஞ்சாரு. ரெண்டு பேரும் எப்பவுமே ஒரே உலகத்துலதான் இருந்தாங்கங்கற மாதிரி கதை பாட்டுக்கு போகும், யாரும் ஏன்னு கேக்கல. சரி, சூப்பர்மேன் ஒரு தட்டு தட்டினா ஸ்பைடர்-மேன் காலி ஆயிடுவானே? அதுக்கும் வழி பண்ணினாங்க, சூப்பர்மேனோட வில்லன் லெக்ஸ் லூத்தர் ஸ்பைடர்-மேன் மேல செவப்பு சூரிய கதிர் அடிச்சு விட்டாரு, அது இருக்கற வரைக்கும் ஸ்பைடர்-மேன் குத்தினா சூப்பர்மேன் பறந்து போய் விழறாரு. கதிர் தீந்ததும் பழையபடி ஓங்கி குத்தறான் பாருங்க, கை வீங்கினதுதான் மிச்சம்.

என் ஓட்டு மூணாவதுக்கு. விளக்கம் குடுத்தா ஒரு பக்கத்துக்குள்ள முடிச்சுடுங்க, பரிமாணம் போர்ட்டல்னு அஞ்சு பக்கம் போனா நான் புக்க மூடி வெச்சுடுவேன்.

கே: பேட்மேன் மட்டும் எப்படி எல்லா கார்ட்டூனுக்குள்ளயும் புகுந்துடறாரு? மிக்கி மவுஸ் ஏன் வர மாட்டேங்குது?

கற்பனை பஞ்சம் எல்லாம் இல்ல, எல்லாம் யாரு யாருக்கு சொந்தம்ங்கற கணக்குதான். டிசியும் லூனி டூன்ஸும் வார்னர் கையில. ஸ்கூபி, ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ், ஜெட்சன்ஸ், ஸ்பேஸ் கோஸ்ட் எல்லாம் ஹன்னா-பார்பெரா, அது 1991ல டர்னருக்கு போயி, 1996ல டர்னரே டைம் வார்னரோட இணைஞ்சதும் எல்லாம் ஒரே குடும்பம் ஆயிடுச்சு. டாம் அண்ட் ஜெர்ரியும் இப்படித்தான் டர்னர் வழியா வந்து சேந்தாங்க. அதனாலதான் 2016ல ஃப்யூச்சர் க்வெஸ்ட்ல ஜானி க்வெஸ்ட், ஸ்பேஸ் கோஸ்ட், பேர்ட்மேன் எல்லாரும் ஒண்ணா வந்தாங்க, 2017ல லோபோவும் ரோட் ரன்னரும் ஒரே புக்குல வந்தாங்க. மிக்கி டிஸ்னியோட ஆளு, மார்வெலையும் டிஸ்னி 2009ல வாங்கிடுச்சு, அதனால மிக்கிக்கு தோஸ்து தேடணும்னா அந்த பக்கம்தான். ராஜர் ராபிட்ல மிக்கியும் பக்ஸ் பன்னியும் ஒரே சீன்ல வந்தாங்கல்ல, ரெண்டு பேருக்கும் திரையில சரிக்கு சமமா நேரம் குடுக்கணும்னு கண்டிஷன் போட்டுத்தான் அது நடந்துச்சு, அதனாலயே ரெண்டும் ஒட்டி பொறந்த மாதிரி சேந்தே வரும், சேந்தே போகும்.

கே: பாப்பாய்க்கும் ஹல்க்குக்கும் சண்டை வந்தா?

யாரு ஜெயிப்பான்னு கேக்க மாட்டேன்னு சொல்லிட்டு வேற ரூட்ல வர்றீங்க, பரவால்ல, இது நல்ல கேள்வி. ரெண்டு பேருமே ஆரம்பத்துல அடி வாங்கற ஆளுங்க. மாலுமி பாப்பாய்க்கு கீரை டப்பா தின்னா பலம், ஹல்க்குக்கு கோவம் வந்தா பலம். டப்பா தீந்துடும், கோவம் தீராது, அதனால சண்டை நீண்டா ஹல்க், சட்டுனு முடிஞ்சா பாப்பாய். ஒரு குட்டி தகவல், 1929ல ஈ.சி. சீகர் காமிக் ஸ்ட்ரிப்ல பாப்பாய் முதல்ல வந்தப்ப கீரை கிடையாது, பெர்னிஸ்னு ஒரு மாய கோழி, அது தலைய தடவினா அதிர்ஷ்டம், அத தடவித்தான் துப்பாக்கி குண்டு வாங்கியும் பொழைச்சான். கீரை பின்னாடி வந்ததுதான்.

ஆனா நான் இத சண்டையா எழுத மாட்டேன். கோவம் வந்தா ஹல்க்கா மாறற ப்ரூஸ் பேனர் யாருக்கும் தொந்தரவு வேணாம்னு கடல் பக்கம் ஓடி வந்து பாப்பாய் படகுல ஏறிக்கறாரு, நாலு நாள் நிம்மதியா இருக்காரு. பாப்பாயோட பரம எதிரி புளூட்டோ வந்து பாப்பாய போட்டு அடிக்கறான். பேனர் பல்ல கடிச்சுக்கிட்டு பாக்காத மாதிரி உக்காந்திருக்காரு, ஏன்னா அவரு எழுந்தா படகு மிஞ்சாது. பாப்பாய் ரத்தம் கட்டின கண்ணோட வந்து "நீ உக்காரு தம்பி, எனக்கு டப்பா இருக்கு"ங்கறான். டப்பாவ திறந்தா காலி. அங்கதான் முதல் பாகம் முடியுது.

கே: ஃபிளாஷால ரோட் ரன்னர பிடிக்க முடியுமா?

வேகத்துல தாராளமா முடியும். ஆனா ரோட் ரன்னர் தப்பிக்கறது வேகத்தால இல்லையே, அந்த உலகமே அதோட கட்சி. 1949லேர்ந்து பாத்துட்டு வர்றோம், பாறையில சுரங்கப்பாதை மாதிரி பெயின்ட் அடிச்சா ரோட் ரன்னர் அதுக்குள்ள ஓடிடும், பின்னாடி போற கொயோட்டி மோதி சப்பையாயிடுவான். ஃபிளாஷும் மோதுவாரு. ரெண்டு தடவ மோதினதும் ஓடறத நிறுத்திட்டு கொயோட்டி பக்கத்துல உக்காந்து பேச்சு குடுப்பாரு, பேரி ஆலனுக்கு தொழில் போலீஸ் லேப்ல தடயம் ஆராயறதுதான, அந்த பெயின்ட்ட கொஞ்சம் சுரண்டி எடுத்து டெஸ்ட் பண்ணுவாரு. ரிசல்ட்: சாதாரண பெயின்ட். அந்த பேப்பர பாத்துட்டு கொயோட்டி அழறான், இத்தன வருஷமா தப்பு தன் பேர்லதான்னு நினைச்சுட்டு இருந்தவன்.

இதுல கொயோட்டிக்கு சரியான ஜோடி ஃபிளாஷ் இல்ல, பேட்மேன். ரெண்டு பேருக்கும் பவர் கிடையாது, ரெண்டு பேரும் சாமான நம்பி பொழைக்கறவங்க, ரெண்டு பேரும் ராத்திரி பகலா திட்டம் போடறவங்க, விடவே மாட்டாங்க. ஒரே ஒரு வித்தியாசம், பேட்மேனோட சாமான் வேலை செய்யும். கொயோட்டி சாமான் வாங்கற ஆக்மி கம்பெனியோட பெட்டி தவறி பேட்மேனோட ரகசிய குகை பேட்கேவுக்கு டெலிவரி ஆயிடுச்சுன்னு வெச்சு ஒரு கதை எழுதி பாருங்க, தானா ஓடும்.

கே: ஹீ-மேன், டர்ட்டில்ஸ் எல்லாம்?

ஹீ-மேன் 1982லயே சூப்பர்மேன சந்திச்சாச்சு, டிசி காமிக்ஸ் ப்ரசென்ட்ஸ் 47வது இதழ், டிவி கார்ட்டூன் வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. சூப்பர்மேனுக்கு மந்திரம் ஆகாது, ஹீ-மேன் வாள் முழுக்க மந்திரம், அதனால இந்த ஜோடி பேப்பர்ல பாக்கறத விட சமமான ஜோடி.

டர்ட்டில்ஸ், அதான் நிஞ்ஜா ஆமைங்க விஷயம் இன்னும் சுவாரசியம். கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லேர்டும் 1984ல ஆரம்பிச்சப்ப அது கண்ணு தெரியாத மார்வெல் ஹீரோ டேர்டெவில கிண்டல் பண்ணின கதை. ஒரு லாரி, அதுலேர்ந்து தெறிச்ச டப்பா ஒரு பையன் கண்ணு பக்கத்துல அடிக்குது, டேர்டெவில் கதை அங்க ஆரம்பிக்குது. டர்ட்டில்ஸ் முதல் இதழ்ல அதே மாதிரி டப்பா மேல துள்ளி ஆமை குட்டிங்க மேல போய் விழுது, எல்லாம் சேந்து சாக்கடைக்குள்ள போகுது. டேர்டெவிலோட எதிரி கும்பல் பேரு ஹேண்ட், அதாவது கை, இவங்களோட எதிரி கும்பல் பேரு ஃபுட், அதாவது கால். அவரோட குரு பேரு ஸ்டிக், இவங்க குரு ஸ்ப்ளின்டர், குச்சிக்கு பதிலா சிராய்! யாருகிட்டயும் பர்மிஷன் கேக்காம நடந்த க்ராஸ்ஓவர் இது, பேரு சொல்லல அவ்ளோதான். பேட்மேனோட அஃபிஷியலா சேந்தது 2015ல, 2019ல அனிமேஷன் படமாவும் வந்துச்சு.

கே: சீரியஸ் ஹீரோவையும் காமெடி கார்ட்டூனையும் சேத்தா ரெண்டும் கெட்டு போகாதா?

கெட்டு போகும்னுதான் எல்லாரும் நினைச்சாங்க, 1994ல ஆர்ச்சியும் பனிஷரும் சந்திச்சப்ப. ஒருத்தன் ஸ்கூல் பையன், டேட்டிங் தகராறு தவிர வாழ்க்கையில ஒண்ணும் தெரியாது. இன்னொருத்தர் துப்பாக்கியோட தூங்கறவரு. ஆர்ச்சி மாதிரியே இருக்கற ஒரு போதை வியாபாரிய பனிஷர் தேடி வர்றாரு, இதான் கதை. அந்த கதை ஓடினதுக்கு காரணம் என்னன்னா, ரெண்டு பேரும் அவங்க அவங்க மாதிரியேதான் நடந்துக்கறாங்க, ஓவியமே ரெண்டு பேரு வரைஞ்சாங்க, ஆர்ச்சி பக்கம் ஸ்டான் கோல்ட்பெர்க், பனிஷர் பக்கம் ஜான் புசெமா.

2017ல வந்த பேட்மேன் எல்மர் ஃபட் (எல்மர், பக்ஸ் பன்னிய துரத்தற வேட்டைக்காரன்) இதுக்கு எதிர் ரூட். டாம் கிங் எழுதினது, லீ வீக்ஸ் வரைஞ்சது. லூனி டூன்ஸ் ஆளுங்க எல்லாரையும் மனுஷங்களா மாத்தி, மழை, இருட்டு, போர்க்கி நடத்தற பார், எல்மர் ஒரு கூலிக்கொலைகாரன்னு ஆரம்பிக்கும். சிரிக்கலாம்னுதான் கையில எடுத்தேன், முடிக்கும்போது சிரிப்பு வரல. எல்மர் பேசற அந்த மழலை உச்சரிப்ப அப்படியே வெச்சிருக்காங்க, அதே உச்சரிப்புல ஒருத்தன் காதலிய பறிகுடுத்த சோகத்த பேசினா என்ன ஆகும்னு யாருக்கும் இதுக்கு முன்னாடி தோணல.

கே: எத்தன ஹீரோ வரைக்கும் போடலாம்?

ரெண்டு. ரொம்ப ஆசைன்னா மூணு. 1985-86ல க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்ல நூத்துக்கணக்கான பேர ஜார்ஜ் பெரஸ் முகம் மாறாம வரைஞ்சாரு, அது அவரால முடிஞ்சுது, உங்களாலயும் என்னாலயும் முடியாது.

கே: வேணும்னு இருந்தும் நடக்காம போன க்ராஸ்ஓவர் இருக்கா?

நடந்துச்சு, ஆனா இருபது வருஷம் ஆச்சு. ஜஸ்டிஸ் லீக்கும் அவெஞ்சர்ஸும் 1983லயே வர வேண்டியது, அதே ஜார்ஜ் பெரஸ் 21 பக்கம் வரைஞ்சும் முடிச்சுட்டாரு, அப்புறம் ரெண்டு கம்பெனி எடிட்டருங்களுக்குள்ள கதைய பத்தி ஒத்து போகல, கிடப்புல போட்டுட்டாங்க. கடைசில 2003ல குர்ட் ப்யூசிக் எழுத, பெரஸே மறுபடியும் முதல்லேர்ந்து வரைஞ்சாரு. அதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிக்கும், ரெண்டு டீமும் அடுத்தவங்க உலகத்த பாத்து முகம் சுளிக்கும். டிசி உலகத்துல ஜனங்க ஹீரோவுக்கு மியூசியம் கட்டி கும்பிடறாங்க, கேப்டன் அமெரிக்காவுக்கு அது சர்வாதிகாரம் மாதிரி தெரியுது. மார்வெல் உலகத்துல ஜனங்க ஹீரோவ வெறுக்கறாங்க, சூப்பர்மேனுக்கு இவங்க வேலைய ஒழுங்கா செய்யலன்னு தோணுது. நான் மேல ரூல்ஸ் ரூல்ஸ்னு சொன்னேனே, கார்ட்டூனே இல்லாம ரெண்டு காமிக்ஸுக்குள்ளயே அது இருக்கு பாருங்க. 2022ல பெரஸ் உடம்பு முடியாம இருந்தப்ப, கஷ்டத்துல இருக்கற காமிக்ஸ் கலைஞர்களுக்கு உதவற ஹீரோ இனிஷியேட்டிவ்ங்கற அமைப்புக்காக 7000 காப்பி மட்டும் திரும்ப அச்சடிச்சாங்க. அந்த வருஷம் மே மாசம் அவரு போயிட்டாரு.

கே: நானே எழுதி போடலாமா? கேஸ் வருமா?

ஆசைக்கு எழுதி நண்பர்களுக்கு காட்டறது வேற, காசுக்கு விக்கறது வேற, விக்கணும்னா உரிமைக்காரங்க அனுமதி வேணும். அமெரிக்க சட்டப்படி அந்த காலத்து படைப்புங்களுக்கு 95 வருஷம் கணக்கு, அதனால 1928 ஸ்டீம்போட் வில்லி கார்ட்டூன்ல வந்த மிக்கி 2024லயும், 1929 பாப்பாய் 2025லயும் பொது சொத்தாயிட்டாங்க. 1938ல வந்த முதல் சூப்பர்மேன் கதை 2034ல வரும். ஆனா கவனம், பொதுவானது அந்த பழைய வடிவம் மட்டும்தான், பின்னாடி சேத்த விஷயங்க இல்ல, டிரேட்மார்க் தனி சமாச்சாரம். 1938 சூப்பர்மேன் பறக்க மாட்டாரு, தாவுவாரு, அவ்வளவுதான் கிடைக்கும். தாவற சூப்பர்மேனும் கோழி தலைய தடவற பாப்பாயும்னு ஒரு கதை 2034ல யாராவது எழுதினா முதல் ஆளா நான் படிப்பேன்.

கே: உங்க கனவு க்ராஸ்ஓவர் எது?

நோட்டுல வரைஞ்ச அதேதான், வெய்ன் மாளிகைல டாம் அண்ட் ஜெர்ரி. ஆனா இப்ப அத பேட்மேன் வீட்ட பாத்துக்கற பட்லர் ஆல்ஃப்ரட் கண்ணு வழியா எழுதுவேன். பேட்மேனுக்கு அதுல வேலையே இல்ல, அவரு ராத்திரி கிளம்பி போயிடுவாரு. அவரு போனதும் மாளிகையில எலிய துரத்தி பூனை ஓடும், கண்ணாடி உடையும், தாத்தா காலத்து கடிகாரத்துக்குள்ள பூனை போய் மாட்டும், அந்த கடிகாரத்துக்கு பின்னாடிதான் பேட்கேவுக்கு வழி. ஆல்ஃப்ரட் ஒவ்வொண்ணா எடுத்து ஒட்டி வைப்பாரு. விடியறதுக்குள்ள எல்லாம் பழையபடி ஆயிடும், அந்த பூனைக்கு பல்லு திரும்ப முளைச்சிருக்கும், வால் நேராயிருக்கும், பியானோ கூட தானா சேந்திருக்கும். அப்ப மேல் படியில சத்தம் கேக்கும், ப்ரூஸ் தோள்ல கத்தி கிழிச்ச காயத்தோட வந்து உக்காருவாரு. ஆல்ஃப்ரட் ஊசி நூல எடுப்பாரு. எலி மேஜை மேல ஏறி வந்து அந்த தையல பாத்துட்டே நிக்கும், ரொம்ப நேரம், ஏன் இது இன்னும் தானா ஆறலன்னு புரியாம.